ஈஸ்டு நொதிக்கு ஓர் ஆயுத பூஜை

கண்ணுங்களா, நேற்று நீங்கள் இரண்டு பேரும் என்சைம், அதாவது நொதி என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, "அதுல ஒண்ணு நானே செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா என்சைம் செய்தாராம். சரி, நடந்ததை எழுதி வைக்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டறையில் வேலை. சோபாவுக்கும் கடை ஷட்டருக்கும் ஸ்பிரிங் சுற்றுவோம். பட்டறைக்குப் பின் தெருவில் ஓர் ஆராய்ச்சி மாணவி வாடகைக்கு இருந்தார். ஒருநாள் பை நிறையப் படங்களோடு வந்து, "அண்ணா, கம்பியில ஒரு மாடல் வளைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார்.

அவர் ஆராய்ந்தது ஈஸ்டுக்குள் இருக்கும் ஒரு நொதி. ஈஸ்டு என்பது பேக்கரிக்காரர்கள் மாவில் போடுகிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர். அந்த உயிருக்குள் இந்த நொதி உட்கார்ந்துகொண்டு, கந்தகம் உள்ள ஒரு பொருளை வெட்டி, அமினோ அமிலம் ஒன்றை உண்டாக்கித் தருகிறது. பார்க்கப்போனால் நொதி என்பது நீளமான ஒரே சங்கிலிதான். அது தானே சில இடத்தில் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, சில இடத்தில் பட்டையாக நீண்டு, மடிந்து, ஓர் உருண்டையாகி நிற்கிறது. அந்த மடிப்பில்தான் அதன் திறமையெல்லாம் இருக்கிறது. இழுத்து நேராக்கிவிட்டால் வேலை செய்யாது. ஸ்பிரிங்கும் அப்படித்தான் என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

மாணவிக்கு ஓர் அவசரம் இருந்தது. அவருடைய ஆராய்ச்சியைப் பார்த்துப் பாஸ் போட வேண்டிய பேராசிரியர் பெங்களூரில் இருந்தார். தாளில் வரைந்ததைப் பார்த்து அவருக்குத் திருப்தி இல்லை. முழு உருவமாகக் கொண்டு வா என்று சொல்லிவிட்டார். அவர் வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் காட்டியாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

வேலை முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து வளைத்தேன். மாணவி பக்கத்திலேயே நின்று, "இங்க இன்னும் கொஞ்சம் உள்ள, அண்ணா" என்பார். எல்லாச் சுருளும் வலப் பக்கமாகத்தான் சுற்ற வேண்டுமாம். கடைசியில், நடுவிலிருந்த பள்ளத்தில் ஒரு மஞ்சள் மணியை ஒட்டினார். அது வைட்டமினாம். வெட்டுகிற வேலை அந்த இடத்தில்தான் நடக்கிறதாம்.

பட்டறை முதலாளி இந்த ஊர்க்காரர். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டுத் தொழிலுக்கு வந்தவர். மாடலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாம்மா இது, இடியாப்பம் கணக்கா கீது?"

"ஈஸ்டுக்குள்ள இருக்கிற மெஷின், ஐயா. ஒரு பொருளை உள்ள வாங்கி, வெட்டி, வேற பொருளா வெளிய அனுப்பும்."

"நம்ம கட்டிங் மெஷினு மாதிரின்னு சொல்லு." மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. பெயின்ட் காயட்டும் என்று மாடலைப் பட்டறையிலேயே விட்டிருந்தோம். மத்தியானம் மாணவி பெட்டியும் கையுமாக வந்தார். சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. கட்டிங் மெஷினுக்கும் வெல்டிங் செட்டுக்கும் நடுவில், கழுத்தில் சாமந்தி மாலையோடு எங்கள் நொதி. ஒவ்வொரு சுருளிலும் சந்தனம். மஞ்சள் மணியில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

"ஐயா, இது எதுக்கு இங்க?" பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார் மாணவி.

"நீதானம்மா மெஷினுன்ன. நடுவுல மஞ்சள்ல புடிச்ச புள்ளையார் வேற குந்திகினுகீறாரு. வெக்காம இருக்க முடியுமா?"

"எனக்கு இப்ப ரயில் ஐயா. எடுத்துக்கிட்டுப் போகணும்."

"பூஜைல வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் கூட நான் தொட மாட்டேன்."

மாணவி அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "மொதலாளி, அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் வீணாப் போயிடும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எனுக்கு மட்டும் ஆசையாடா?" என்றவர், மோவாயைச் சொறிந்தபடி நொதியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பூஜை முடிஞ்சா மஞ்சப் புள்ளையார இன்னா பண்ணுவோம்?"

"வடக்கால கொஞ்சம் நகத்துவோம்" என்றேன்.

"சென்ட்ரல் ஸ்டேஷன் இங்கேர்ந்து எந்தப் பக்கம் கீது?"

"வடக்கால."

"அப்புறம் இன்னா? நகத்திகினே போங்க. கீழ மட்டும் வெச்சிடாதீங்க. பொட்ட அழிக்காதீங்க."

சூடம் காட்டி, அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். மாணவியோடு மின்சார ரயிலில், மாடலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயிலு சாமிப்பா இது?"

"சாமி இல்லக்கா. புரோட்டீன்."

"ஏதோ ஒண்ணு. எம் பையன் பத்தாவது பாஸாவணும்னு சொல்லி வையி."

"முதல்ல நான் பாஸாகணும்மா" என்றார் மாணவி. அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைத் தாண்டி சென்ட்ரலுக்குப் போய், ஜன்னலோர சீட்டில் மாணவி உட்கார்ந்ததும் மாடலை அவர் மடியில் வைத்தேன். பாஸாகிவிட்டார், கவலைப்படாதீர்கள். பேராசிரியர் அந்தப் பொட்டில் விரலை வைத்து, "வைட்டமின் இங்கேதானே?" என்று கேட்டாராம். மற்றதெல்லாம் அப்புறம் சுலபமாகப் போய்விட்டதாம்.

அன்றைக்கு வண்டி நகரும்போது மாணவி ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அண்ணா, இதே வேலையைச் செய்யற நொதி நம்ம உடம்புலயும் இருக்கு. உங்க ஈரல்ல நிறைய இருக்கும்."

"ஈரல் எந்தப் பக்கம்மா?"

"வலது பக்கம், விலாவுக்குக் கீழ."

திரும்பி வரும்போது பண்டிகைக் கூட்டமெல்லாம் வழியிலேயே இறங்கிவிட்டது. பல்லாவரம் தாண்டியதும் பெட்டியில் நான் மட்டும்தான். சுருளைப் பிடித்திருந்த விரலில் சந்தனமும் குங்குமமும் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தன. இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். சட்டையின் கீழ்ப் பட்டன்களைக் கழற்றி, வலது விலாவுக்குக் கீழே ஒரு பொட்டு வைத்தேன். பட்டனைப் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் இறங்கினேன்.