சார்த்ர் கோவில் கண்ணாடியில் ஒரு இறைச்சிக் கடை

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் தெருவில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் குணம், எங்கள் கோவில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் கேட்டான். செயலாளர் மறுக்கவில்லை. "தாராளமாச் செய்யுங்கோ. ஆனால் பலகையிலை கடைப் பேர் வேண்டாம், 'ஓர் அடியார்' எண்டு போடுவம்" என்றார். நகைக் கடைக்குப் பெயர் உண்டு, சேலைக் கடைக்கும் உண்டு. குணம் மட்டும் அடியார். அந்தக் கோபத்தில்தான் ஜூன் மாதம் சார்த்ருக்குப் பயணம் போனோம்.

வழி காட்டியவர் அந்துவான். புதுச்சேரிக்காரர், கத்தோலிக்கர், தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், குணத்தின் வாடிக்கையாளர். "சார்த்ர் கத்தீத்ரால், அதான் அந்தப் பெரிய மாதா கோவில், அதோட கண்ணாடி ஜன்னல்லயே கறிக்கடைக்காரர் இருக்காரு மெசியே. எண்ணூறு வருஷமா இருக்காரு" என்றார். மனிதர் எங்களைத் தன் வேதத்துக்கு இழுக்கப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. குணத்திடம் சொன்னேன். "அப்ப நீங்களும் வாங்கோ அண்ணை. நீங்கள் சந்தேகப்பட்டுப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

எனக்கு எழுத்துத் தெரிந்து அதிக காலம் ஆகவில்லை. தெரியாத காலத்தில் எல்லாரையும் நம்ப வேண்டியிருந்தது. இப்போது ஒருவரையும் நம்புவதில்லை. அது எவ்வளவு சந்தோஷம் என்று சின்ன வயதிலேயே படித்தவர்களுக்குத் தெரியாது.

கார் து நோர் நிலையத்தில் நாலாம் இலக்க மெட்ரோ எடுத்தால், மாறாமல் மொன்பர்னாஸ் ரயில் நிலையம் போகலாம். அங்கே குணம், நகருக்குள் ஓடப் பாவிக்கும் நவிகோ மாத அட்டையை எடுத்துக்கொண்டு ரயிலை நோக்கி நடந்தான். அந்துவான் கையைப் பிடித்து நிறுத்தினார். சார்த்ர் அந்த அட்டையின் எல்லைக்கு வெளியே. நீங்களும் இந்தப் பிழையை விடாதீர்கள். போக மட்டும் ஒருவருக்குப் பதினெட்டு யூரோவுக்குக் கிட்ட முடிந்தது. இயந்திரம் தந்த பயணத் துண்டை எழுத்து எழுத்தாக வாசித்த பிறகுதான் நான் பெட்டியில் ஏறினேன்.

தொண்ணூறு கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் கோதுமை வயல்தான். வயலுக்கு நடுவே இரண்டு கோபுரங்கள், ஒன்று போல மற்றது இல்லை. நிலையத்தில் இருந்து பத்து நிமிட ஏற்றம். உள்ளே போகக் காசு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபடியே போனேன்.

உள்ளே இருட்டு. கண் பழகியதும் சிவப்பும் நீலமும் எரிந்தன. தெற்குப் பக்கத்து ஜன்னல் ஒன்றில், மாதா படங்களுக்குக் கீழே, எங்கள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அந்தக் கறிக்கடைக்காரர் இருந்தார்.

"அண்ணை, பாருங்கோ! கோடாலி, மேசை, தொங்கிற இறைச்சி. எங்கட கடை!" என்று குணம் துள்ளினான். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் முகம் விழுந்தது. "அண்ணை, அவர் அடிக்கப் போறது மாடெல்லோ?"

"ஓம், மாடுதான்."

"நான் ஆடும் கோழியும்தானே விக்கிறன். இந்தப் போட்டோவைச் செயலாளருக்குக் காட்டினால் அடியார் பட்டமும் போயிடும்."

அந்துவான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எங்களை வாங்கில் உட்காரவைத்துச் சொன்னார். அந்தக் காலத்தில் குருமார், பிரபுக்கள், உழுபவர்கள் என்று மூன்று கூட்டத்துக்குத்தான் இடமாம். வாங்கி விற்பவனை எந்தக் கூட்டத்திலும் சேர்க்கவில்லை. பட்டணங்களும் சந்தைகளும் பெருத்தபோது, ஒரே தொழில் செய்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். தொழிலுக்கு வேண்டிய விதிகளைத் தாங்களே வைத்தார்கள். அதற்குப் பிறகு பிரபுவும் அவர்களோடு பேசித்தான் காரியம் பார்க்க வேண்டி வந்தது. இந்தக் கண்ணாடிகளும் அவர்கள் கொடுத்த உபயம் என்று ஒரு கதை உண்டாம்.

"கண்ணாடிக்குக் காசு குடுத்தது இவைதான் எண்டு ஆர் கண்டது?" என்று கேட்டேன்.

"அதுல படிச்சவங்களுக்குள்ளயே சண்டை" என்றார் அந்துவான். "குடுத்தாங்கன்னு சிலர் சொல்றாங்க. இவங்கள வளைச்சுப் போட குருமாரே வரைஞ்சு வச்சாங்கன்னு சிலர் சொல்றாங்க."

தன் கோவிலைப் பற்றியே இப்படிச் சொன்னதால், அன்றைக்குத்தான் அந்த மனிதரைக் கொஞ்சம் நம்பினேன்.

"குடுக்காதவனை ஆர் அண்ணை கண்ணாடியிலை வைப்பான்?" என்றான் குணம்.

"குடுக்கிற உன்னையே மறைக்கினம். எதுவும் நடக்கும்" என்றேன்.

மற்ற ஜன்னல்களையும் பார்த்தோம். பாண் சுடுபவர், சப்பாத்துத் தைப்பவர், தோல் வியாபாரி. ஒவ்வொருவர் காலடியிலும் பெயரைத் தேடினேன். நான் பார்த்த இடத்தில் ஒரு கடைக்காரன் பெயரும் இல்லை. தொழில் மட்டும் இருந்தது. குணத்திடம் அதைச் சொன்னேன். திரும்பும் ரயிலில் அவன் போனில் அந்தக் கண்ணாடிப் போட்டோவையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அடுத்த கிழமை அவன் செய்ததைக் கேட்டு நானே நம்பவில்லை. தெருவில் உள்ள மற்ற நாலு இறைச்சிக் கடைக்காரரிடமும் போயிருக்கிறான். விலையைக் குறைத்துக் குறைத்து ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தவர்கள்! ஐந்து பேரும் ஒன்றாகச் செயலாளரிடம் போனார்கள். நானும் பின்னால் நின்றேன்.

"ஒருத்தற்றை பேரும் வேண்டாம், கடைப் பேரும் வேண்டாம்" என்றான் குணம். "'லா ஷப்பல் இறைச்சிக் கடைக்காரர் உபயம்' எண்டு போடுங்கோ. இல்லாட்டி உபயமே இல்லை."

"இறைச்சி எண்ட சொல்லு கோயில் வாசல்லை எப்பிடி..."

"ஞாயிற்றுக்கிழமையிலை உங்கட வீட்டு வாசலுக்கு வாற சொல்லுத்தானே ஐயா."

ஐந்து பேரும் சிரித்தார்கள். செயலாளர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

சார்த்ர் போக நினைப்பவர்களுக்கு: வெயில் உள்ள நாளில் மதியத்துக்குக் கிட்டப் போங்கள், மழை நாளில் கண்ணாடி உறங்கும். மேல் ஜன்னல்களுக்குத் தூரக்கண்ணாடி வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். யார் என்ன விளக்கம் சொன்னாலும், இது எப்படித் தெரியும் என்று ஒரு முறை கேளுங்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள், பலகையில் எழுதியாயிற்று என்று குணம் போன் எடுத்தான். நான் நம்பாமல் நேரே போனேன். நகைக் கடை, சேலைக் கடை, எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் வரி. விரல் வைத்து வாசித்தேன். லா ஷப்பல் இறைச்சிக் கடைக்காரர் உபயம். ஒரு எழுத்தும் குறையவில்லை. ஆனால் மற்ற வரிகளைவிட எழுத்து சிறிது. ஏன் என்று செயலாளரைக் கேட்டேன். பலகையில் இடம் போதவில்லை என்றார்.

இடம் இருந்தது. நான் பார்த்தேன்.