லார்ஸ் படிக்காத நிரல்

ஸ்வீடனில் யாரும் லேசில் பாராட்ட மாட்டார்கள். அதனால் என் கணினி நிரலைப் படித்துவிட்டு, "தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்" என்று செயற்கை நுண்ணறிவுக் கருவி முதன்முதலாகச் சொன்னபோது கூச்சத்தில் சுற்றும் முற்றும் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதும் நிரலை இன்னொருவர் படித்துப் பிழை சொன்ன பிறகே அது வெளியே போகும். கோட் ரிவ்யூ என்பார்கள். அதற்காக நாள்கணக்கில் காத்துக்கிடப்போம். இப்போது காபி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் கருவி முடித்துவிடுகிறது.

அதற்கு முன்பு என் நிரலைப் படித்தவர் லார்ஸ். ஓய்வை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். என் வரிகளுக்குப் பக்கத்தில் "வர்ஃபோர்?" என்று ஒற்றைச் சொல் எழுதுவார். ஏன் என்று பொருள். பழவேற்காடு ஏரித்தீவான எங்கள் பசியாவரத்தில் ஒருவர் அப்படி மொட்டையாக ஏன் என்று கேட்டால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம். நான் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டு, எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதினேன். கடைசியில் அவரே என் மேசைக்கு வந்து, "நன்றாகத்தானே இருந்தது, எதற்கு அழித்தாய்? தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்" என்றார். பிறகு நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான். ஒருமுறை அம்மாவைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. "இது உன் கை மாதிரி இல்லையே. வீட்டில் எல்லோரும் நலமா?" என்று ஒரு வரிக்குப் பக்கத்தில் லார்ஸ் எழுதியிருந்தார்.

இந்தக் குளிர்காலத்தில் என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், இறந்துபோனார். என் விசா புதுப்பிப்பில் கிடந்தது. கிளம்பினால் திரும்ப உள்ளே வர முடியாது. தம்பியிடம் சொன்னேன். "நீ வந்து இன்னா பண்ணப்போற அக்கா? நாங்க கீறோம்ல" என்றான். ஆறுதலா, கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் தனியாக உட்கார முடியாமல் வேலைக்குப் போனேன். தப்பும் தவறுமாக எழுதினேன். கருவி எல்லாவற்றையும் பொறுமையாகத் திருத்தியது. லார்ஸ் கண்ணுக்கே தப்பியிருக்கக்கூடிய ஒரு பிழையையும் பிடித்தது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாம் குறித்த நேரத்தில் வெளியே போயின. வெள்ளிக்கிழமை காலை மேலாளர், "இந்த வாரம் உங்கள் வேகம் அருமை" என்றார்.

அன்று நைனாவின் அஸ்தியைக் கரைக்கும் நாள். வீடியோவில் கூப்பிடுவதாகத் தம்பி சொல்லியிருந்தான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு லார்ஸின் மேசைக்குப் போனேன்.

"என் அப்பா இறந்துவிட்டார்."

"எப்போது?"

"திங்கட்கிழமை."

அவர் என்னையே பார்த்தார். "எனக்குத் தெரியவில்லையே. உன் நிரலைப் படித்தே மாதக்கணக்காகிறது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "என்ன வேலை செய்தார்?"

"ஏரியில் இறால் பிடித்தார்" என்பதற்குள் போன் ஒலித்தது. படகு முகத்துவாரத்தை நெருங்கிவிட்டிருந்தது. "அக்கா, தெரிதா? காத்து ஜாஸ்தி, அதான் படம் ஆடுது" என்று தம்பி கத்தினான். சித்தப்பா மண்கலயத்தைக் கையில் எடுத்தார்.

லார்ஸ் எழுந்து நின்றார். இறந்தவருக்காக எழுந்து நிற்பது அவர்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது. நைனாவை விழுந்து கும்பிட வேண்டியவள் நான். அந்தக் கம்பளத் தரையில் விழத் துணியாமல் நானும் எழுந்து நின்றேன். எழுந்தால் படகு சாயும் என்பதால் என் சனமெல்லாம் உட்கார்ந்தே அவரைத் தண்ணீரில் விட்டார்கள். ஆடாத தரையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம்.