போனை மதிலில் வைக்கச் சொன்ன குணா

1. சிறுத்தையின் பல்

கல்முனையில் ஒரு பெனர் கடையில் டிசைன் செய்கிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றது. போட்டோசொப் பார்த்துப் பார்த்துப் பழகியது. ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அதனால் கஸ்டமர் கேட்டதையெல்லாம் போட்டுவிடுவேன். என் பெனரில் ஒரு விரல் வைக்கக்கூட இடமிருக்காது.

தமிழ் டிசைனர்களின் முகநூல் குழுவொன்றில் நான் முதன்முதல் போட்டது, ஒரு கிரிக்கெட் கழகத்தின் வெற்றி பெனர். தலைவர், செயலாளர், அனுசரணையாளர்கள், அவர்களுடைய கடைகள், பட்டாசு, கிண்ணம், பாயும் சிறுத்தை. திருக்கோவிலைச் சேர்ந்த குணா என்ற ஒருவர் கீழே எழுதினார்: “காக்கா, வெண்ட பொடியன்மார் எங்க?” காக்கா என்றால் எங்கள் முஸ்லிம் வழக்கில் அண்ணன்.

தேடிப் பார்த்தேன். சிறுத்தையின் வாலுக்குக் கீழே இருந்தார்கள்.

பிறகு அவரே போன் எடுத்தார். குரலைக் கேட்டால் என்னைவிட இளையவர். “டிசைனைப் போனில திறந்து மதிலில வைங்க. பைக்கில ஒருக்காத் தாண்டிப் போங்க. என்ன தெரியுதோ அதுதான் உங்கட பெனர். மத்ததெல்லாம் மைக்குக் கேடு.”

போய்ப் பார்த்தேன். சிறுத்தையின் பல் மட்டும் தெரிந்தது.

குழுவில் எல்லோருக்கும் இதே வைத்தியம்தான். கட்டாரில் வேலை செய்த ஒருவரிடம் பைக் இல்லை. போனைக் கட்டிலில் வைத்துவிட்டு அறைக்குள் ஓடி ஓடிப் பார்த்ததாக எழுதினார். அன்று குழுவே சிரித்தது.

திருக்கோவில் எனக்கு ஒரு பஸ் தூரம்தான். நெருங்கிப் பழகிய பிறகு, இறால் பொரித்துத் தருகிறேன், வாருங்கள் என்று குணா அடிக்கடி கூப்பிடுவான். நானும் வருகிறேன் என்பேன். “உங்கட ‘வாறன்’ எங்கட ஊருக் கடைசி பஸ் மாதிரி காக்கா. வரும் எண்டுதான் சொல்றாங்க.”

2. வெறும் இடம்

ஒரு காலையில் குழுவைத் திறந்தபோது குணாவின் படத்துக்குக் கீழே அஞ்சலிகள் வரத் தொடங்கியிருந்தன. நெஞ்சு நோவு என்றார்கள்.

அஞ்சலி பெனரை நான் செய்ய வேண்டுமென்று குழு கேட்டது. குணாவின் அண்ணன் கடைக்கே வந்தார். விளக்கு, தாமரை, புறா, விளையாட்டுக் கழகத்தின் பெயர், கோயில் சபையின் பெயர், எங்கள் குழுவிலுள்ள எல்லோருடைய முகமும் வேண்டும் என்றார். கேட்டபடி செய்தால் குணாவின் முகம் நெருப்புப் பெட்டி அளவுக்குத்தான் வரும். மறுத்துச் சொல்லவோ எனக்கு வாய் வராது.

அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், சிரிக்கிற முகத்தை ஒரு பக்கம் பெரிதாக வைத்தேன். பக்கத்தில் பெயர். மற்றதெல்லாம் வெள்ளை.

திரும்பி வந்தவர் கேட்டார்: “என்ன தம்பி, பாதி சும்மா கிடக்கு. இதுக்குள்ள இருவது பேரப் போடலாமே.”

பழக்கதோசத்தில் கை மவுசுக்குப் போனது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அண்ணன், பைக்கிலயா வந்தீங்க?”

“ஓம். ஏன்?”

டிசைனைப் போனில் திறந்து கடை மதிலில் வைத்தேன். ஒருமுறை தாண்டிப் போய்வரச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து இறங்காமலே இருந்தார்.

“என்ன தெரிஞ்சிச்சி?”

“குணாதான் தெரிஞ்சான். சிரிச்சிட்டு நிண்டான்.” எஞ்சினை அணைத்துவிட்டு, “அப்பிடியே அடி” என்றார்.

3. திருக்கோவிலில்

பெனரைக் கட்ட நானே போனேன். சந்தியில் மனைவியோடு பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்தார். “நம்மட குணா” என்று பின்னால் திரும்பிச் சொல்வது எனக்குக் கேட்டது.

குணாவின் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். துக்க வீடு, மரக்கறிச் சோறு. கடைசியில் நான் வந்துவிட்டேன், இறால்தான் இல்லை. குணா இருந்திருந்தால் இதைக் குழுவில் போட்டு ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கஸ்டமரோடு வாதாட எனக்கு இன்றும் தெரியாது. “இடம் சும்மா கிடக்கே” என்று யாராவது சொன்னால், பைக்கில் வந்தீர்களா என்று மட்டும் கேட்பேன்.