வேற மருந்து

எலியேசர் அண்ணன் என் பெரியப்பா மகன். சேலையூரில் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை, தனிக்குடித்தனம். எச்ஐவி என்று தெரிந்ததும் அண்ணி ஞானஜோதி படப்பையில் இருக்கும் தன் தம்பி வீட்டோடு போய்விட்டாள். சர்ச்சில் யாருக்கும் தெரியாது. நான் கடல் தாண்டி இருப்பதால்தானோ என்னவோ, என்னிடம் மட்டும் சொன்னார். ஞாயிறுதோறும் போன் செய்வேன். அவர் எடுக்கத் தாமதமானால் திரும்பத் திரும்ப அடிப்பேன்.

ஒரு ஞாயிறு, வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, ஏறிவிட்டதாகச் சொன்னார். சிகிச்சை மையத்துக் கவுன்சிலர் கீதா கேட்டாளாம்.

"மாத்திரைய விட்டுட்டீங்களா சார்?"

"ஒருநாள் கூட விடலம்மா."

"வேற மருந்து எதாச்சும்?"

"இல்லம்மா."

பொய் இல்லை. அவர் அகராதியில் மருந்து என்றால் மாத்திரை, ஊசி. நெஞ்செரிச்சலுக்கு அனகாபுத்தூர் சித்த வைத்தியர் பொன்னுசாமி கொடுத்த சங்கு பஸ்பம் அந்தக் கணக்கில் வராது. கீதா விடவில்லை.

"ராத்திரி மாத்திரைய எதோட முழுங்குறீங்க?"

"நெய்யில பஸ்பம் குழைச்சு நக்கிட்டு, அப்படியே தண்ணியோட."

கீதா நெற்றியில் கை வைத்துக்கொண்டாளாம். "அது சுண்ணாம்புச் சத்து சார்! மாத்திரைய உடம்புல சேரவே விடாது. டாக்டர்கிட்ட நான் பேசறேன். பஸ்பத்த நிறுத்துங்க. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு வைத்தியர்கிட்டயும் சொல்லிடுங்க. அடுத்து அவர் வேற எதாவது குடுத்தா?"

"சொன்னா ஊர் முழுக்கத் தெரிஞ்சிடும்ணா. அந்தப் பக்கமே போகாதீங்க" என்றேன் நான் போனில், பதறிப்போய்.

"அவர் ஒருத்தர்தான்டா என் கையப் பிடிக்கிறார்" என்றார் அண்ணன்.

வைத்தியரிடம் வாராவாரம் நாடி பார்க்கப் போவது அதற்குத்தான் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

போனார். பொன்னுசாமி வழக்கம்போல வலது மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தார்.

"இன்னா சார், நாடி இந்த ஓட்டம் ஓடுது? இந்த வயசுல லவ்வா?"

அண்ணன் சிரிக்கவில்லை. கையை அவரிடம் விட்டபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நோயின் பெயரையும்.

விரல்கள் விலகவில்லை. நாடியை முழுக்கப் பார்த்து முடித்துத்தான் பொன்னுசாமி வாயைத் திறந்தார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? நான் பாட்டுக்குக் குடுத்துகினு கீறேன். அந்த மாத்திரைதான் உன் உசிரு. அதுக்குக் குறுக்க நான் வர மாட்டேன். எரிச்சலுக்கும் அந்த டாக்டரையே கேளு. இனிமே எங்கிட்ட உனக்கு மருந்து கெடையாது."

"அப்ப... வாரா வாரம் வர வேணாமா?"

"மருந்து இல்லாம எதுக்கு சார் இம்மாந்தூரம் வந்துகினு?"

அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வர, அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

சில மாதம் கழித்து வைரல் லோடு இறங்கிவிட்டது. போனில் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பொன்னுசாமிகிட்ட சொன்னீங்களாண்ணா?" என்றேன்.

"இதச் சொல்றதுக்குன்னு போக முடியுமாடா? அங்க நாலு பேஷன்ட் காத்துட்டிருப்பாங்க" என்றார்.