இருக்கையைப் பார்த்து வாங்கிய கார்

ஆம்பூரில் சத்தார் பாயைத் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவரே தேடிப்போய்த் தெரியப்படுத்திக்கொள்வார். தோல் தொழிற்சாலையில் அவர் செலக்டர். பதனிட்டு வந்த தோலைக் கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரிக்கிற வேலை. அந்த வேலையில் அவர் கை தவறியதே இல்லை. வினை அங்கேதான் பிறந்தது. நாளடைவில் அந்தக் கை மாம்பழம், மருத்துவர், மாப்பிள்ளை என்று உலகத்தையே தரம் பிரிக்கத் தொடங்கிவிட்டது. மைத்துனனுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தை, பிரியாணிக்குக் கை கழுவும் இடத்தில் நின்று "செகண்ட் குவாலிட்டி" என்றார். அந்த வீட்டார் இன்றுவரை இவர் முகத்தில் விழிப்பதில்லை.

காரையும் அவர் அப்படித்தான் வாங்கினார். வேலூரில் பழைய கார் விற்கிறவன் பானெட்டைத் திறக்கப் போனான். "அதெல்லாம் மூடுப்பா" என்று தடுத்துவிட்டு, பின்கதவைத் திறந்து இருக்கையைத் தடவினார். கண்கள் தாமாக மூடின. குனிந்து முகர்ந்தார். காதலியின் கூந்தலைக்கூட எவனும் அத்தனை உருக்கமாக முகர்ந்திருக்க மாட்டான்.

"ஒரிஜினல் தோலு! இவ்ளோ ஒசத்தியா சீட்டு போட்டவன் இன்ஜின மட்டும் மோசமாவா வெச்சிருப்பான்?"

விற்றவன் உடனே பானெட்டை விட்டுவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தான்.

மகள் ஹஃப்ஸாவுக்காகத்தான் அந்தக் கார். பி.எட். முடித்த அந்தப் பெண்ணுக்குப் பள்ளிகொண்டாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். சத்தார் பாய் தீர்ப்பு எழுதிவிட்டார்: "என் பொண்ணு என் கார்ல போவும், என் கார்ல வரும். பஸ்ல இடிபட்டுத்தான் போவணும்னா வேலையே வேணாம்." பாவம், ஹஃப்ஸாவின் எதிர்காலம் நான்கு பழைய டயர்களின் மேல் ஏறி உட்கார்ந்தது.

கார் வீட்டுக்கு வந்த அன்றே வெடித்தது. தெருமுனையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், பின்னால் டமார்! நாய்கள் சிதறின. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட மஹ்பூபி கலிமா சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பாய், யார் வூட்டு ஊர்வலம்?" என்றான் டீக்கடைக்காரன்.

மனைவி ரஃபத் ஜஹான் நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். "என்னங்க, ஜோசுவாகிட்ட ஒரு வாட்டி காட்டிருங்க. மெக்கானிக்தானே அவன்."

"அவன் இன்னா பெரிய டாக்டரா? நான் கை வெச்சா மாடு எந்த ஊருன்னு சொல்றவன்."

"மாட்டச் சொல்வீங்க. இது மாடு இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் படுத்துத் தடவினார். குழாயும் சைலன்சரும் சேருகிற இடத்தில் புகை கசிந்தது. நடுவில் கசிவை அடைக்க வேண்டிய தகட்டு வளையம், அதாவது கேஸ்கட், தேய்ந்திருந்தது. அதை அவர் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் கடையில் போய் ஒரு கேஸ்கட் வாங்க அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. ஊரே தோல் மணக்கும்போது சத்தார் தகரம் வாங்குவதா? வீட்டிலிருந்த தடித்த எருமைத் தோலை வட்டமாக வெட்டி, ஷூவுக்கு ஒட்டுகிற பசையைத் தாராளமாகப் பூசி, நடுவில் வைத்து இறுக்கினார். தெருவை ஒரு சுற்று வந்தார். சத்தமே இல்லை! மார்பு விம்ம இறங்கினார். "பாத்துக்கோ!" என்றார், யாரும் கேட்காமலே.

திங்கட்கிழமை காலை புதுச் சேலையில் ஹஃப்ஸா பின்னால் உட்கார்ந்தாள். மாதனூர் வரும் முன்பே நாற்றம் தொடங்கியது. தோல் பொசுங்குகிற நாற்றம்.

"அப்பா, ஏதோ கருகுது."

"அது தோலு பதனிடற டேனரி காத்தும்மா."

"டேனரியெல்லாம் பின்னால போயிடுச்சுப்பா."

அப்போது வெடித்தது பாருங்கள், ஒரு டமார்! அடுத்து ஒன்று. மூன்றாவதற்குப் பிறகு இன்ஜினே மூச்சை விட்டுவிட்டது. சத்தார் பாய் இறங்கி, பழக்கதோஷத்தில் பானெட்டைத் தடவி, கையைச் சுட்டுக்கொண்டார்.

"வீட்டுக்கு ஆட்டோ புடிக்கிறேம்மா. நாளைக்குப் போயிக்கலாம்."

"நாளைக்குப் போனா வேலை வேற ஆளுக்குப் போயிடும்." ஹஃப்ஸா பையைத் தோளில் மாட்டினாள். வேலூர் பஸ் வந்துகொண்டிருந்தது. கையை நீட்டினாள். அது நின்றது.

"பஸ்ல ஏறினா..."

"சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கிறேன்பா."

பெற்ற மகள் புழுதிக்குள் மறைந்தாள். சத்தார் பாயின் கண் கலங்கியது. புகையினால் என்றுதான் அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

வேறு வழியில்லாமல் கூப்பிட்டதும் ஜோசுவா வந்து, வெந்து சுருண்ட தோல் வட்டத்தை இடுக்கியால் வெளியே எடுத்தான். "இன்னா பாய் இது, கருவாடா?" என்று கேட்டு, ஊருக்கே போன் போட்டுச் சொல்கிறவன் மாதிரிச் சிரித்தான். பிறகு பானெட்டைத் திறந்து ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினான். "பிளக்குங்களுக்குக் கரண்டு அனுப்பற மெயின் ஒயரு. விரிசல் உட்டு இருந்துச்சு, இப்ப கழண்டே போச்சு. கரண்டு போவாம பெட்ரோலு எரியறதில்ல. எரியாததெல்லாம் சூடான சைலன்சருக்குள்ள போயி வெடிக்குது. கேஸ்கட் ஓட்டையில காத்து வேற பூந்தா கேக்கணுமா? நோவு முன்னால இருக்குது, நீ பின்னால கட்டு போட்டுக்கினு இருக்கே."

"சீட்டு எப்படி இருக்குது பாத்தியா?" என்றார் சத்தார் பாய்.

"சீட்டு சூப்பர் பாய்."

ஒயர், பிளக், கடையில் வாங்கிய கேஸ்கட். மதியத்துக்குள் கார் பூனையானது. சாயங்காலம் பள்ளி வாசலில் அதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மற்ற டீச்சர்களோடு ஹஃப்ஸா சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள்.

"ஏறும்மா. சத்தமே இல்ல, பாரு."

"சந்தோஷம்பா. ஆனா நான் இவங்களோட பஸ்ல வர்றேன். நாளைக்கும் பஸ்தான்."

"அப்ப காரு?"

"அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்களேன். எவ்ளோ நாளா கேக்கறாங்க."

எல்லோர் எதிரிலும் திட்ட முடியாமல், திறந்த பின்கதவைத் தாமே சாத்தினார். பஸ் கிளம்பியது. சத்தார் பாய் அதன் பின்னாலேயே ஓட்டினார். அது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது, இவரும் நின்றார். மாதனூரில் கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்: "இன்னா பாய், ரோடு காலியாத்தானே கெடக்குது? முந்திக்கினு போயேன்!"

"என் பொண்ணு உள்ள இருக்குது" என்றார் சத்தார் பாய்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, சத்தமில்லாமல், காரும் நகர்ந்தது.