பெருமாள்மலையில் ஒரு ஜனாதிபதி

பழனியிலிருந்து கொடைக்கானல் போகிற பேருந்து பெருமாள்மலையில் டீக்காக நிற்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்துப்போனால் வரலாற்று ஆசிரியர் வேலை. அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியைப் பற்றி இரண்டு தாள் எழுதியிருக்கிறேன். மனிதர் எல்லாரும் சமம் என்று எழுதியவர் அவர் என்பது முதல் தாள். அவரே சாகும்வரை அடிமைகளை வைத்திருந்தார் என்பது இரண்டாவது. அவ்வளவு பெரிய மனிதரைக் குறை சொன்னால் வேலை போய்விடுமோ என்று இரண்டாவது தாளை மடித்துப் பைக்குள் தள்ளுகிறேன்.

பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து வேனுக்குக் காத்திருக்கும் அக்கா பார்த்துவிடுகிறார்.

"அதை ஏன் ஒளிக்கிறீங்க தம்பி?"

விஷயத்தைச் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார்.

"நாங்களும் பெரும்பூண்டா மேல அடுக்கித்தான் மூட்டையக் கட்டுவோம். வடுகபட்டிச் சந்தையில யாவாரி தார்ப்பாய விரிச்சு மொத்தத்தையும் கொட்டித்தான் வெலை சொல்லுவான். பிள்ளைக மட்டும் கொட்டிப் பாக்காதா? ஆமா, உங்க வீட்ல யாரு வாத்தியாரு?"

"யாரும் இல்லக்கா. அம்மா ஆயக்குடியில கொய்யா பறிக்குது. தாத்தா பண்ணையாளா இருந்தவரு."

அக்கா டீக்கடைக்காரர் பக்கம் திரும்புகிறார். "அண்ணே, பண்ணையாளு பேரன் இன்னைக்கு அமெரிக்கா ஜனாதிபதிக்கு மார்க்குப் போடப் போறாரு. டீய வெரசாக் குடுங்க."

சமம் என்று எழுதிய அந்த வரிக்காக அவர்மேல் எனக்கு இன்னமும் மரியாதை உண்டு. இரண்டாவது தாளை வெளியே எடுத்து முதல் தாளோடு சேர்க்கிறேன். வகுப்புக்கு என் தாத்தாவும் வருகிறார்.