முப்பதே கால் அங்குலம்

1974 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். மழை விட்டிருந்தது. குழாயில் ஐந்து முதல் ஐந்தே முக்கால் வரை தண்ணீர்; இரண்டு டிரம், ஆறு குடம் பிடித்தேன். பால்பவுடர் டீ. மதியத்துக்குச் சோறும் சூரை மீன் குழம்பும். எங்கள் தீவின் மேட்டிலிருக்கும் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து இறங்கிப் போய் ஏழு மணிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டினேன். இரண்டு மணிக்குக் கழற்றினேன். நாட்குறிப்பில் இதுவரை என் வழக்கமான கையெழுத்து. இதற்குக் கீழே எழுத்து சாய்ந்து ஓடுகிறது. முந்தின நாள் வந்த கப்பலில் என் பேஸ் கிட்டார் வந்திருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. உயரம் நாலடி பத்து அங்குலம். எங்கள் குவார்ட்டர்ஸ் கிளப்பின் பாட்டுக் குழுவில் எட்டு வருடமாக மராக்காஸ் என்ற கிலுகிலுப்பையைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குக் கை போதும், காது சும்மா இருக்கும். சும்மா இருந்த காது எப்போதும் பேஸ் பக்கமே போனது. பாட்டுக்கு அடியில் நடந்து போகும் அந்தக் கனத்த ஒலியை யாரும் கவனித்துக் கேட்பதில்லை. ஆனால் அது ஒரு கணம் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

பேஸ் வாசித்த எஞ்சினியர் தங்கமான மனிதர். நான்கு மாதம் தன் கிட்டாரிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். யாரோ வெளிநாட்டு மாலுமியிடம் வாங்கிய சின்ன கிட்டார் அது. பிறகு அவருக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. கிட்டாரும் அவரோடு கப்பலேறியது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தோம்: நானும், சொந்த கிட்டார் வைத்திருந்த ஆறடி உயர மெக்கானிக் ஒருவரும். குழுவை நடத்தும் அக்கார்டியன்காரர் வங்காளி; என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார். அவர் எனக்கு ஒரு கெடு வைத்தார்.

"தீதி, ஆகஸ்ட் கப்பலில் அப்னா பேஸ் லாவோ, சொந்த பேஸ். அது வந்த சனிக்கிழமை சாயந்தரம் ஒரு பாட்டு பூரா வாசி. நஹீ தோ, இல்லேன்னா..." என்று கையை மராக்காஸ் குலுக்குவது போல ஆட்டிக் காட்டினார்.

எங்களால் வாங்க முடிந்த விலையில் சென்னைக் கடையில் இரண்டு பேஸ் கிட்டார்கள் இருந்தன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் தந்தியின் நீளம் முப்பத்துநான்கு அங்குலம், மற்றதில் முப்பது. பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒட்டடைக் குச்சியில் இரண்டு அளவுக்கும் சாக்பீஸ் கோடு போட்டு, பழைய புடவைக் கரையைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பத்து நாள் விரலை ஓட்டிப் பார்த்தேன். "இன்னைக்கு ஒட்டடைக் குச்சியில என்ன ராகம்?" என்று என் கணவர் தினமும் கேட்டார். முப்பத்துநாலில் இடது முழங்கை முழுதாக நீண்டது. முப்பதில் மடங்கியே இருந்தது. எஞ்சினியரின் கிட்டாரையும் முன்பே தையல் டேப்பால் அளந்து வைத்திருந்தேன்: முப்பதே கால். எனவே முப்பது என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த பாயிடம் கொடுத்தேன்.

பாய் ராமநாதபுரத்துக்காரர். எங்கள் எல்லோருடைய தேவைகளும் அவருடைய ஒரே பெரிய கடிதத்தில்தான் சென்னைக்குப் போகும். அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கடையில் மரப்பெட்டியின் மூடியைத் திறந்தோம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் டேப்பை வைத்தேன். முப்பத்துநான்கு.

"பாய், நான் எழுதினது முப்பது."

"ஆமா தங்கச்சி. நான்தான் மாத்துனேன்."

"மாத்தினீங்களா?"

"கோவப்படாத. சின்னது வந்து பத்தலைன்னா என்ன செய்வே? பெருசுன்னா சரி பண்ணிக்கலாம். தீவாளிக்கு ஒன் வீட்டுக்காரருக்குச் செருப்பு வந்துச்சே, ஒரு சைஸ் பெருசுதானே? முன்னாடி பஞ்சு வச்சுக்கலை?"

"கிட்டார்ல எங்க பாய் பஞ்சு வைக்கிறது?"

அவர் கிட்டாரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். உண்மையாகவே இடம் தேடினார்.

அவரை எப்படிக் குறை சொல்ல? அந்தத் தீவில் எல்லோரும் அப்படித்தான் ஆர்டர் செய்தோம். பிள்ளைகளின் கவுனில் மூன்று மடிப்பு இருக்கும். நானே முப்பத்திரண்டு ரவிக்கைக்கு முப்பத்துநாலு என்று எழுதுவேன். தவறாக வந்ததை மாற்ற ஐந்து ஆறு வாரம் ஆகும் ஊரில் வேறு எப்படி எழுதுவது?

"கப்பல் நாளைக்குப் பத்து மணிக்குக் கெளம்புது" என்றார் பாய். "காலைல ஆறரைக்கு ஆள் அனுப்புறேன். வேணாம்னா குடுத்துவிடு, என் செலவுல மாத்தித் தர்றேன். பெட்டிய மட்டும் ஒடச்சிராத. பெட்டி இல்லாம கப்பல்ல ஏத்த மாட்டான்."

மாற்றினால் சின்ன கிட்டார் வரும். ஆனால் அது வருவதற்குள் மெக்கானிக் என் இடத்தில் நின்றிருப்பார்.

மூன்றரைக்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன். ஒட்டடைக் குச்சி பொய் சொல்லவில்லை. முழங்கை நீண்டது, கிட்டார் கழுத்தின் முதல் நான்கு கட்டத்துக்கு நான்கு விரலை வைத்தால் சுண்டுவிரல் பாதி வழியிலேயே நின்றது.

"கப்பல் நங்கூரத்தையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்றார் கணவர், மர மில்லிலிருந்து வந்ததும்.

"பேசாம இருங்க. அளந்துட்டிருக்கேன்."

 மனம் கலங்கினால் எதையாவது அளப்பது என் பழக்கம். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளை, வீணையில் சொல்வது போல மெட்டு என்று வைத்துக்கொள்கிறேன். தலைப்பக்கத்திலிருந்து முதல் மெட்டு வரை இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அடுத்த இடைவெளி அதைவிடக் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. உடல் பக்கம் போகப் போக எல்லாம் சுருங்கிக்கொண்டே போயின; பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், பதினேழு அங்குலத்தில் நின்றது. எவ்வளவு ஒழுங்கு! கிட்டார் பெரிதாக வந்த வருத்தம் எனக்குச் சற்று மறந்தே போனது. ஒவ்வொரு மெட்டிலிருந்தும் தந்தி முடியும் இடம் வரை எவ்வளவு என்று நாட்குறிப்பில் வரிசையாக எழுதினேன். முதல் மெட்டிலிருந்து முப்பத்திரண்டுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டாவது மெட்டிலிருந்து முப்பதே கால்.

மறுபடி அளந்தேன். முப்பதே கால்.

"இங்க வாங்க" என்றேன். "இந்த ரெண்டாவது மெட்டுக்கிட்ட நாலு தந்தியையும் அழுத்திப் பிடிங்க. கைய எடுக்கக் கூடாது."

பிடித்தார். வாசித்தேன். சுண்டுவிரல் எட்டியது. எஞ்சினியரின் சின்ன கிட்டார் இந்தப் பெரிய கிட்டாருக்குள்ளேயே இருந்தது.

"சரி, கச்சேரிக்கு நானும் கூடவே பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"நின்னா நல்லாத்தான் இருக்கும். வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவர் படாக் மரச் சிம்பு ஒன்றைக் கழுத்தின் அகலத்துக்குச் சீவினார். இரண்டாவது மெட்டை ஒட்டித் தந்திகள் மேல் அதை வைத்து, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். சுருதி இரண்டு மெட்டு ஏறியிருந்தது. அதனால் தலைப்பக்கத்து முறுக்காணிகளைத் திருப்பி நான்கு தந்திகளையும் அந்த அளவுக்கு இறக்கினேன். தோளில் மாட்டும் தோல்பட்டையை மூன்று ஓட்டை தள்ளிக் குறுக்கினோம். எடை குறையவில்லை, அதற்கு வழியும் இல்லை.

ஐந்தரைக்கு கிளப்பில் மெக்கானிக்கும் இருந்தார். அக்கார்டியன்காரர் சிம்பைப் பார்த்து, "யே க்யா ஹை தீதி? கிட்டாருக்கு கை ஒடஞ்சு போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அக்கார்டியனோடு சுருதி சேர்த்து ஆரம்பித்தேன்.

தளர்ந்த தந்திகளால் ஒலி கொஞ்சம் தடித்திருந்தது. தடித்த தந்தி இரண்டு இடத்தில் மெட்டில் உரசி இரைந்தது. மூன்றாவது அடியில் ஒரு இடம் தவறினேன். அங்கே மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். பாட்டை முழுதாக வாசித்தேன். எனக்கு அடியில் தரை நடப்பது போல இருந்தது.

அக்கார்டியன்காரர் துருத்தியை மூடிக் கீழே வைத்தார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "க்யா போல்தா, என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"அந்த இரைச்சலைச் சரி பண்ணிடலாம், தந்தி முடியுற பாலத்தை ஒரு நூல் தூக்கினா போதும்" என்றார் மெக்கானிக். "ஆனா தாதா, நான் மராக்காஸ் குலுக்க மாட்டேன்."

"சலேகா தீதி, போதும், நடக்கும்" என்றார் அக்கார்டியன்காரர். "அடுத்த சனிக்கிழமை பின்வரிசை, இடது பக்கம்."

வீட்டுக்கு ஏறி வரும்போது இடது தோளில் பட்டை பதிந்த இடம் எரிந்தது. பெட்டி வாசல் அறையில் மூடியோடு அப்படியே இருந்தது. "மாத்தினா எடை கம்மியா வரும். யோசிச்சுக்கோ" என்றார் கணவர். தோளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எட்டே முக்காலுக்குப் படுத்தேன்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு எழுந்ததும், பாயின் ஆள் வருவதற்கும் தண்ணீர் பிடிப்பதற்கும் முன்பே, சுத்தியலை எடுத்துப் பெட்டியைப் பலகை பலகையாகப் பிரித்தேன். இருபத்திரண்டு ஆணிகள். நிமிர்த்திப் பால்பவுடர் டப்பாவில் போட்டேன்.